சாட்சி நட்சத்திரம்

டிசம்பர் 3

மழை விட்டுவிட்டது, மூடுபனி விடவில்லை. பீரோவில் இருந்த என் பழுப்புச் சட்டை முழுக்கப் பூஞ்சை. வடிவிடம் சொன்னால் "வெயில் வரட்டும் அத்தான், காயப்போடுதேன்" என்கிறாள். இந்த மலையில் டிசம்பரில் வெயில் வருவதும் எங்கள் கேன்டீன் சாம்பாரில் காய் வருவதும் ஒன்றுதான்.

எங்கள் இருவருக்குமே இந்த வானாய்வு நிலையத்தில் தற்காலிக வேலை. வருகிற மார்ச்சோடு முடிகிறது. நிரந்தர வேலை ஒன்றே ஒன்று வந்திருக்கிறது, நேர்காணல் பிப்ரவரியில். நானும் விண்ணப்பித்திருக்கிறேன், அவளும் விண்ணப்பித்திருக்கிறாள். திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் "ஒத்த இலைக்குப் புருசனும் பொண்டாட்டியும் அடிச்சுக்கிடுதியளா" என்று கேட்பாள்.

வடிவு என் மாமா மகள். முழுப்பெயர் சண்முகவடிவு. கல்யாணம் ஆனபோது அவள் சங்கரன்கோவிலில் இயற்பியல் பட்டம் முடித்துவிட்டு டைப்ரைட்டிங் போய்க்கொண்டிருந்தாள். மேலே படி என்றது நான். ஆய்வில் சேர் என்றதும் நான்தான். இன்றைக்கு எங்கள் இயக்குநர் பிலோமினா மேடம் நடைபாதையில் என்னைக் கண்டால் "வடிவு எங்க, இசக்கிராஜன்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். எனக்கு வணக்கம்கூடக் கிடையாது. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். நாட்குறிப்பிலும் ஒளித்தால் வேறு எங்கே எழுதுவது.

சாயங்காலம் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அத்தான், பிள்ளை முழிச்சிட்டான்."

"யாரு பிள்ளை?"

"நம்ம பிள்ளைதான். கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சம் ஏறுது. பத்து நாளா ஏறுது. நான் நெசமான்னு திரும்பத் திரும்பப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

பிள்ளை என்பது நாங்கள் இருவரும் நான்கு வருஷமாகப் பார்த்துவரும் ஒரு நட்சத்திரம். பத்து லட்சம் வயதுதான் ஆகிறது. நட்சத்திரங்களின் கணக்கில் அது பல் முளைக்காத பருவம்.

டிசம்பர் 4

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய வேண்டும்.

டிசம்பர் 11

பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து ஆசிரியைகள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். வடிவு பேசினாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் பேசுகிறாள், சனியன்.

நட்சத்திரம் முழுதாகப் பிறப்பதில்லை என்றாள். குளிர்ந்த மேகம் ஒன்று தன் எடை தாங்காமல் உள்ளே சரிகிறது, நடுவில் சின்னதாக ஒரு கரு. மிச்சமெல்லாம் சுற்றிக்கொண்டே வருவதால் நேராக விழ முடியாமல் தட்டையாகப் பரந்து, ஒரு வட்டத் தட்டாகிவிடுகிறது. வாயுவும் தூசியும் கலந்த தட்டு. அதிலிருந்துதான் நட்சத்திரம் சாப்பிட்டு வளர்கிறது. தட்டின் உள்விளிம்பில் நட்சத்திரத்தின் காந்தப்புலம் குறுக்கே நின்று தடுக்கிறது. வாயு அந்தக் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு ஏறி, வளைந்து, நட்சத்திரத்தின் தலையில் போய் விழுகிறது. விழுந்த இடம் கொதித்துப் பளபளக்கிறது. அந்த வெளிச்சத்தை அளந்தால், இன்றைக்கு எவ்வளவு சாப்பிட்டது என்று தெரியும்.

"இதுல ஒரு வில்லங்கம் இருக்கு" என்றாள். "நாம பாக்கிறப்பல்லாம் இந்தப் பிள்ளைங்க கொறிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. அப்படிக் கொறிச்சா இவ்வளவு எடை வராது. அப்பம் நாம பாக்காத நேரத்துல எங்கயோ பந்தியில உக்காந்து வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கணும்லா?"

ஆசிரியைகள் சிரித்தார்கள். பிலோமினா மேடமும் சிரித்தார்.

என் ஆய்வேடு முழுக்கச் சொல்வது, பந்தி எல்லாம் வேண்டாம், ஆரம்பத்தில் மேகத்துக்குள் மறைந்திருக்கும்போதே நிதானமாகத் தின்று முடித்துவிடுகின்றன என்பது. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. பிள்ளை இப்போது நிஜமாகவே பந்தியில் உட்கார்ந்திருந்தால் வடிவுக்கு வேலை கிடைத்துவிடும், நான் என் ஆய்வேட்டை வைத்துப் பூஞ்சைச் சட்டையைத் துடைக்கலாம்.

டிசம்பர் 27

பிள்ளையின் வெளிச்சம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது என்கிறாள். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, தலை சீவும்போது எல்லாம் பிள்ளைப் பேச்சுதான். அம்மா போனில் "வீட்ல ஏதும் விசேஷம் உண்டா" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். வடிவு பக்கத்திலிருந்து "உண்டு அத்தை, ஆனா அது வானத்துல" என்று சிரித்தாள். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, சிரிப்பு வரவில்லை.

எப்படி அளக்கிறாள் என்று கேட்டேன். வழக்கம்போலத்தான் என்றாள்.

வழக்கம் இதுதான். பனி, மெல்லிய மேகம், தொலைநோக்கிக் கண்ணாடியில் படிந்த அழுக்கு, எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அளவு ஒளியை விழுங்கிவிடும். அதனால் ஒரு நட்சத்திரத்தைத் தனியாக அளந்து பயனில்லை. அதே படத்தில் பக்கத்தில் இருக்கும், மாறாத நட்சத்திரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதைப்போல இது எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்து நட்சத்திரத்துக்கு எங்கள் வீட்டில் சாட்சி என்று பெயர். பெரும்பாலான ஆய்வாளர்கள் நான்கைந்து சாட்சி வைத்துக்கொள்வார்கள். பிள்ளை இருக்கும் இடம் கரிய மேகம், பின்னால் இருப்பதெல்லாம் மறைந்துவிடும். எங்கள் சின்னப் படத்துக்குள் உருப்படியாக ஒரே ஒரு சாட்சிதான் அகப்படும். நான்கு வருஷத்துக்கு முன்னால் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான்.

ஜனவரி 5

வடிவு சந்தைக்குப் போயிருந்தாள். அவள் எடுத்த படங்களை என் கணினியில் போட்டுப் பார்த்தேன். சும்மாதான்.

படத்தின் மூலையில் மங்கலான இன்னொரு நட்சத்திரம் இருக்கிறது. ஓரத்தில் இருப்பதால் உருவம் இழுபட்டு வால் முளைத்ததுபோல் இருக்கும், யாரும் தொடமாட்டோம். அதை வைத்துப் பிள்ளையை அளந்தேன். பிள்ளை எப்போதும்போல்தான் இருக்கிறான். ஒரு துளி கூடவில்லை.

பிறகு அதை வைத்துச் சாட்சியை அளந்தேன். சாட்சி பாதியாகியிருக்கிறது.

பிள்ளை ஏறவில்லை, சாட்சி இறங்கியிருக்கிறது. அதுவும் இளம் நட்சத்திரமாகத்தான் இருக்க வேண்டும். அதைச் சுற்றியும் ஒரு தட்டு இருந்து, தட்டிலிருந்து தூசி கிளம்பி அதன் முகத்தை மறைக்கிறது. இத்தனை பனியில் எல்லாமே மங்கலாகத் தெரிவதால் சாட்சி மட்டும் தனியாக மங்கியது வடிவுக்குப் படவில்லை. கண்ணாடியைக் கழுவ வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பாவம்.

அவளிடம் சொல்ல வேண்டும்.

ஜனவரி 6

காலையில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். உப்புமா வைத்தாள். எனக்கு உப்புமா பிடிக்காது என்று பத்து வருஷமாகத் தெரியும். சொல்லவில்லை.

ஜனவரி 9

இன்று தொலைநோக்கி என் முறை. வடிவு கெஞ்சினாள். "அத்தான், பிள்ளையோட நிறமாலைய மட்டும் எடுத்துத் தாங்களேன். ஹைட்ரஜன் கோடு பெருசா ஏறியிருந்தா அவன் சாப்பிடுதான்னு அடிச்சிச் சொல்லிரலாம்." எடுத்தால் கோடு ஏறியிருக்காது, அவளே உண்மையைத் தெரிந்துகொள்வாள். சரி என்றேன்.

கீழே வீடுகளை மூடுபனி மறைத்திருந்தது, மேலே வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. நான் சாட்சியின் நிறமாலையை எடுத்தேன். நட்சத்திரம் மறைந்துபோய் ஹைட்ரஜன் கோடு மட்டும் தூக்கலாக நிற்கிறது. சந்தேகமே இல்லை, தட்டும் தூசியும் உள்ள இளம் நட்சத்திரம்தான். இதை இந்த நிலையில் உலகத்தில் வேறு யாரும் எடுத்திருக்க முடியாது, ஏனென்றால் சாட்சியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவளிடம் பனி விடவில்லை என்றேன்.

ஜனவரி 10

"பரவாயில்ல அத்தான், இந்தப் பனியில நீங்க முழிச்சிக் கெடந்ததே பெருசு" என்று சுக்குக் காப்பி கொடுத்தாள். காரம் அதிகம்.

ஜனவரி 14

நாளை பொங்கல். கரும்பு வாங்கியாயிற்று.

வடிவு இரண்டு நாளாக ஒரு முடிவுக்கு வராமல் தவிக்கிறாள். இந்த மாதிரி ஒன்றைக் கண்டால் உலகத்துக்கெல்லாம் அவசர அறிவிப்பு அனுப்புவது எங்கள் தொழிலில் வழக்கம். மற்ற நாட்டுக்காரர்கள் பெரிய தொலைநோக்கிகளை அந்தப் பக்கம் திருப்புவார்கள். முதலில் அனுப்பியவருக்குப் பெயர். தப்பாக அனுப்பினால் அதுவும் பெயர்தான்.

"நிறமாலை இல்லாம அனுப்பலாமா அத்தான்? இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பாப்பமா?"

"ஏளா, நீ பொறுத்துக்கிட்டே இரு. நாளைக்குச் சிலியிலேர்ந்து எவனாவது அனுப்பிட்டாம்னா ஒனக்கு என்ன மிஞ்சும்? நேர்காணலுக்கு முன்னால இது வெளிய வரணும். அனுப்பிரு."

"தைரியமா அனுப்பலாமா?"

"நான் சொல்லுதேம்லா."

உன் பெயர் மட்டும் இருக்கட்டும் என்று சொன்னேன். தனியாக நின்றால்தான் உனக்கு மதிப்பு என்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எந்தப் புருசன் அத்தான் இப்படி விட்டுக்குடுப்பாரு" என்றாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து தோசை சுட்டாள். நான் கூடுதலாக இரண்டு தோசை சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது.

ஜனவரி 15

பொங்கல் பொங்கிக்கொண்டிருக்கும்போது அறிவிப்பு வெளியாயிற்று. வடிவு கைபேசியை என்னிடம் நீட்டிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எழுதியவர்கள்: இசக்கிராஜன், சண்முகவடிவு.

என் பெயர் இருக்கிறது. முதலில் இருக்கிறது.

"நீங்க வேண்டாம்னு சொல்லுவியன்னு தெரியும். அதான் கேக்காம சேத்துட்டேன். என்னய இங்க கொண்டாந்து விட்டது யாரு? ஒங்க பேரு இல்லாம என் பேரு எதுக்கு?"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் குலவையிட்டாள். நான் அந்த இரண்டு பெயரையும் மறுபடி படித்தேன்.

ஜனவரி 16

சிலியிலிருந்து முதல் பதில் காலையிலேயே வந்துவிட்டது. பெரிய தொலைநோக்கி ஒன்றை வேறு வேலையிலிருந்து நிறுத்தித் திருப்பியிருக்கிறார்கள். நீங்கள் குறிப்பிட்ட நட்சத்திரத்தில் எந்த மாற்றமும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மத்தியானம் ஹவாயிலிருந்து இன்னொன்று: நட்சத்திரம் அப்படியேதான் இருக்கிறது, நீங்கள் ஒப்பிட்ட பக்கத்து நட்சத்திரம்தான் மங்கியிருக்கிறது, ஒப்பிடுவதற்கு முன்னால் அதைச் சோதித்தீர்களா? அந்தக் கேள்விக்குறியை உலகமே படித்தது.

வடிவு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பொங்கல் பானையில் எறும்பு. நான்தான் கழுவி வைத்தேன்.

ஜனவரி 17

மறுப்பு அறிவிப்பை அவளே எழுதி அனுப்பினாள். இரண்டே வரி.

ஜனவரி 19

பிலோமினா மேடம் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் நிரந்தர வேலைக்குக் கேட்டிருக்கீங்க. முதல் பேரு உங்களது, இசக்கிராஜன். என்ன நடந்துச்சு?"

நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. வாய் தானாகப் பேசிவிட்டது. "எனக்கு இதுல சம்பந்தம் இல்ல மேடம். என்னைக் கேக்காமலே என் பேரைச் சேத்திருக்காங்க. வெளிவந்த பிறகுதான் பாத்தேன்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "வடிவு, நிஜமா?"

"ஆமா மேடம். கேக்காமத்தான் சேத்தேன்."

"ஒப்பீட்டு நட்சத்திரத்தைச் சரிபார்க்கலையா?"

"இல்ல மேடம். என் தப்புதான்."

அளப்பதில் தப்பு வந்தால் பிழை, யாருக்கும் வரும், ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மேடமே ஒருநாள் சொல்லியிருக்கிறார். அடுத்தவர் பெயரைக் கேட்காமல் போடுவது ஒழுங்கீனம். அதற்கு இந்த நிலையத்தில் மன்னிப்புக் கிடையாது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வது அவளுக்கே கௌரவம் என்றார். அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

திரும்பி வரும் வழியில் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் கொஞ்சம் பயந்தேன்.

"அத்தான், என்னய மன்னிச்சிருங்க. ஒங்க பேரையும் சேத்துக் கெடுக்கப் பாத்தேனே."

மன்னித்தேன்.

பிப்ரவரி 12

நேர்காணல் நன்றாக நடந்தது. பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வடிவு என் பழுப்புச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

மார்ச் 4

உத்தரவு கையில் கிடைத்தது. அம்மா போனில் அழுதாள். வடிவு பால்பாயசம் வைத்தாள், அவள் குடிக்கவில்லை.

அவளை அப்படியே விட்டுவிடவில்லை நான். மேடத்திடம் பேசி, என் ஆய்வுக்கு உதவியாளர் வேலை ஆறு மாதத்துக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வேறு யாரும் அவளை எடுத்திருக்கமாட்டார்கள். நன்றி என்றாள்.

மார்ச் 11

சாட்சியைப் பற்றிய கட்டுரை முக்கால்வாசி முடிந்துவிட்டது. மாறாதது என்று எல்லோரும் நம்பிய நட்சத்திரம், தன் தட்டின் தூசியாலேயே மறைந்துபோன கதை. மறைப்பு உச்சத்தில் இருந்தபோது எடுத்த நிறமாலை என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பெரிய பத்திரிகையே எடுத்துக்கொள்ளும்.

வரைபடம் போட வடிவிடம் கொடுத்தேன். எனக்கு அந்த வேலை வராது. கல்யாணமான நாளிலிருந்து என் படங்களையெல்லாம் அவள்தான் போடுகிறாள்.

மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டாள். "அத்தான், சாட்சியோட நிறமாலை ஜனவரி ஒம்போதுன்னு இருக்கு. சரிதானா?"

"சரிதான். தொலைநோக்கி தானா எழுதுற தேதி, தப்பா எழுதாது."

"பிப்ரவரி இல்லையே?"

"இல்லளா."

"சரி."

திரும்பிப் போய் மாவைப் பிசைந்தாள். பூரி வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. ஒருமுறை தப்பு செய்தவள், இப்போது தேதிகூடச் சரிபார்க்கிறாள். நல்லதுதான்.

மார்ச் 12

குளிக்கும்போதுதான் உறைத்தது. வாளித் தண்ணீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 13

படம் தயாராகி என் மேசையில் இருந்தது. அழகான படம், என்ன இருந்தாலும் அவள் கை. சாட்சியின் வெளிச்சம் டிசம்பரிலிருந்து இறங்குகிறது, ஜனவரி ஒன்பதில் என் நிறமாலைக்கு ஒரு புள்ளி. ஜனவரி பதினைந்தில், மேலிருந்து கீழாக ஒரு புள்ளிக்கோடு.

"இந்தக் கோடு எதுக்கு?"

"அன்னைக்குத்தான நான் அறிவிப்பு அனுப்புனேன். படிக்கிறவங்களுக்கு வெளங்கணும்லா."

"எடுத்துரு."

"எடுத்துருதேன். ஆனா ஒம்போதாந் தேதிய எடுக்க முடியாது. அத எடுத்தா கட்டுரையே இல்ல."

உண்மைதான். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"பனின்னு சொன்னிய."

"வடிவு, நீயே கண்டுபிடிச்சிருவேன்னு நெனச்சேன். எவனாவது நாலு முறை சரிபாக்காம ஒரு அறிவிப்ப அனுப்புவானா? நீ சரிபாத்திருந்தா..."

"எல்லா நட்சத்திரத்தையும் சரிபாப்பேன் அத்தான். ஒங்களுக்கே தெரியும். இந்த நாலு வருசத்துல அது ஒண்ணத்தான் நான் சோதிக்கல." அவள் குரல் உயரவில்லை. "அது நீங்க எடுத்துக் குடுத்ததுலா."

பிறகு எழுந்து போய், என் கண் முன்னாலேயே கோட்டை அழித்துப் படத்தைத் திரும்ப அனுப்பினாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அவள் கத்தவில்லையே என்று எரிச்சலாக இருந்தது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், உப்புமாவிலிருந்து தொடங்கி எத்தனையோ இருக்கிறது.

மார்ச் 16

கட்டுரையை அனுப்பிவிட்டேன். என் பெயர் மட்டும். உதவிக்கு நன்றி என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டிருந்தேன். அனுப்புவதற்கு முன் சரியா என்று கேட்டேன். "கேட்டுப் போடுதது நல்ல பழக்கம்" என்றாள்.

மார்ச் 29

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். மதிப்பிட்டவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: மங்கியது தெரியவருவதற்கு முன்பே இந்த நட்சத்திரத்தை நோக்க ஆசிரியருக்கு எப்படித் தோன்றியது? தற்செயல் என்று பதில் எழுதினேன். பிலோமினா மேடம் படிப்பார். படித்தால் தேதியைப் பார்ப்பார். பார்க்காமலும் போகலாம்.

ஏப்ரல் 2

வடிவு ஊருக்குப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. சமைக்கிறாள், துவைக்கிறாள், ஒன்பது மணிக்கு என்கூடவே நிலையத்துக்கு வருகிறாள், சொன்ன வேலையைச் சொன்னபடி முடிக்கிறாள். எது கேட்டாலும் பதில் உண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

சாப்பிட உட்காரும் நேரத்துக்கு அம்மா போன் செய்தாள். வடிவு எடுத்து நலம் விசாரித்தாள், மாதுளை நல்லது அத்தை, தினம் ஒண்ணு சாப்பிடுங்க என்றாள், பிறகு என்னிடம் நீட்டினாள்.

"சார், ஒங்களுக்குத்தான்."

அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. "என்னல, அவ ஒன்னய சாருங்கா?"

"சும்மா கிண்டலுக்கும்மா. வேலை கிடைச்சதுலேர்ந்து அப்படித்தான்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வடிவு தட்டை என் முன்னால் வைத்தாள். அம்மா போனை வைக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, "சோறு போடட்டுமா சார்" என்றாள்.